மறதி நோயும் மானப் பேச்சும்

"பெற்ற தாயை விடுதியில் கொண்டுபோய்த் தள்ளினவன்" என்கின்ற வசைமொழிக்கு ஆளாகியிருக்கும் ஒரு தோழர், தமது நிலைமையை விவரித்து நமக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதியிருக்கின்றார். அவருடைய தாயாருக்கு வயது எழுபத்தெட்டு. ஐந்து வருஷ காலமாக மறதி நோய். அதாவது வைத்தியர்கள் டிமென்ஷியா என்று சொல்லும் வியாதி. பெற்ற மகனை யாரென்று தெரியாது. உண்டோமா இல்லையா என்பது தெரியாது. இரவு பகல் தெரியாது. வீட்டில் வைத்துப் பார்த்து முடியாமற் போகவே, சென்ற மாதம் பக்கத்து நகரத்திலுள்ள ஒரு பராமரிப்பு விடுதியில் சேர்த்துவிட்டாராம். அதன்பேரில் பங்காளிகளும் சம்பந்திகளும் ஒன்றுகூடி, "இது நம் குலத்துக்கே மானக்கேடு, இவன் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவரும் போகக்கூடாது" என்பதாகப் பேசி முடித்திருக்கின்றார்களாம். "நான் செய்தது குற்றமா? மனிதத் தன்மைக்கு விரோதமா? தங்கள் அபிப்பிராயம் என்ன?" என்று தோழர் கேட்கின்றார்.

இந்த மாதிரிக் கடிதம் நமக்கு இது முதலாவதல்ல. ஊருக்கு ஊர் இக்காரியம் நடந்துகொண்டுதான் வருகின்றது. சிலர் வெளியில் சொல்லுகின்றார்கள். பலர் "அம்மா தங்கச்சி வீட்டில் இருக்கிறாள்" என்று பொய் சொல்லி மறைத்து வருகின்றார்கள். ஆகையால் இதை ஒரு தோழரின் குடும்ப விஷயமாகக் கருதாமல், பொது விஷயமாகவே எடுத்துக்கொண்டு, நமக்குத் தோன்றியதை ஒளிவுமறைவின்றி எழுதுகின்றோம்.

நம் வீட்டுச் சங்கதி

முதலில் நம்மைப்பற்றிய சங்கதி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நாமும் ஒரு காலத்தில் மேடையில் நின்று, "பெற்று வளர்த்தவளை அந்நியன் கையில் ஒப்புவிக்கிறவன் மனிதனா?" என்று கேட்டு, ஜனங்களின் கைதட்டலை வாங்கினவர்களேயாவோம். அப்படிக் கேட்ட காலத்தில் இந்நோயைப் பற்றி நமக்கு ஓர் எழுத்தும் தெரியாது. பிறகு நமது தாயாருக்கே அது வந்தது.

முதலில் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டார்கள். பிறகு, மாண்டு பன்னிரண்டு வருஷமாகிவிட்ட நமது தகப்பனார் வேலையிலிருந்து இன்னும் வரவில்லையே என்று திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். பணத்தை அரிசிப் பானைக்குள் தாமே ஒளித்துவைத்துவிட்டு, மருமகள் திருடிவிட்டாள் என்று தெருவில் நின்று கூவினார்கள். நடுராத்திரியில் புடவையை மூட்டை கட்டிக்கொண்டு, "எங்கப்பன் வீட்டுக்குப் போறேன்" என்று கிளம்பினார்கள். அந்த அப்பன் வீடு இடிந்து மண்ணாகி நாற்பது வருஷமாகின்றது.

நமது தமையனார் இதைச் செய்வினை என்றார். கோடாங்கி ஒருவன் வந்தான், உடுக்கை அடித்தான், வேப்பங்குழையால் கிழவியை அடித்தான், தாயத்தைக் கட்டிப் பணத்தை வாங்கிக்கொண்டு போனான். நாம் அதை எதிர்த்துப் பேசினோம். நன்றாகவே பேசினோம். பேச்சில் நாமே ஜெயித்தோம். ஆனால் வாசகர்களே, அந்த நாலு வருஷத்தில் நம் தாயாரின் மலஜலம் பட்ட துணி ஒன்றையாவது நாம் துவைத்ததில்லை. துவைத்தவர் நமது துணைவியார். இரவில் கதவோரம் பாயைப் போட்டுப் படுத்தவரும் அவரே. திருடி என்ற பேரைக் கேட்டவரும் அவரே. சோறு ஊட்டப்போய்க் கையில் கடி வாங்கினவரும் அவரே. நாம் அந்நாட்களில் வாரத்துக்கு இரண்டு ஊர் போய்ப் பெண்ணுரிமையைப் பற்றிப் பிரசங்கம் செய்து வந்தோம். ஒருநாள் அவர் கிணற்றடியில் மயங்கி விழுந்து, வைத்தியர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, "உங்கள் தாயாருக்கு முன்னால் இந்த அம்மாள் போய்விடுவார்" என்று நம் முகத்துக்கு நேரே சொன்ன பிறகே நமக்குப் புத்தி வந்தது. கோடாங்கிக்கும் நமக்கும் அந்த வீட்டில் என்ன வித்தியாசம் என்று அன்றைக்கு நம்மையே கேட்டுக்கொண்டோம். அவன் காசை வாங்கிக்கொண்டு போனான். நாம் கைதட்டலை வாங்கிக்கொண்டு வந்தோம். வேலை செய்தவள் ஒருத்தி.

நோய் இன்னது

இது பேயுமல்ல, செய்வினையுமல்ல, முன்ஜென்மப் பாவமுமல்ல. வயதானால் எல்லோருக்கும் வருகின்ற சாதாரண மறதியுமல்ல. மூளையில் உண்டாகும் வியாதியாகும். 1901-ஆம் வருஷத்தில் ஜெர்மனி தேசத்து பிராங்பர்ட் நகரத்தில், ஐம்பத்தோரு வயதுள்ள ஒரு பெண்மணியை வீட்டில் வைத்துப் பார்க்க முடியாமல் அவருடைய கணவர் மனநோய் வைத்தியசாலையில் சேர்த்தார். அங்கிருந்த அலாய்ஸ் ஆல்சைமர் என்னும் வைத்தியர் அவரைக் கவனித்து வந்தார். 1906-இல் அப்பெண்மணி மாண்ட பிறகு, அவர் மூளையை எடுத்துச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தபோது, மூளை சுருங்கியிருந்ததையும், நரம்பணுக்களுக்குள் நூற்சிக்கல் போன்ற முடிச்சுகளும் அணுக்களுக்கு வெளியே ஒருவிதப் படிவுகளும் இருந்ததையும் கண்டு, அவ்வருஷம் நவம்பர் மாதத்தில் டூபிங்கன் நகரத்து வைத்தியர் கூட்டத்தில் எடுத்துச் சொன்னார். 1910-இல் கிரெப்பெலின் என்னும் பேராசிரியர் தமது நூலில் அந்நோய்க்கு ஆல்சைமரின் பேரையே வைத்தார். மறதி நோய்களில் நூற்றுக்கு அறுபது எழுபது பங்கு இந்த வகை என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. மூளையின் இரத்தக் குழாய்கள் கெட்டு வருவது மற்றொரு வகை.

ஆல்சைமர் வகையில், புதிய ஞாபகங்களைப் பதியவைக்கும் பாகம் பெரும்பாலும் முதலில் கெடுகின்றது. அதனால்தான் காலையில் தின்றது மறந்துபோகின்றது. அறுபது வருஷத்துக்கு முந்திய அப்பன் வீடு நினைவில் நிற்கின்றது. பணத்தை ஒளித்து வைத்தது மனதில் பதியவில்லை. ஆகவே எவரோ திருடிவிட்டார்கள் என்று மூளை முடிவு கட்டிவிடுகின்றது. மருமகள் மேல் வைத்த வஞ்சமும் இதிலில்லை. மாமியார் மேல் ஏறிய பேயும் இதிலில்லை.

முற்றும் குணமாக்கும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் தைராய்டு சுரப்புக் குறைவு, பி12 என்னும் ஜீவசத்துக் குறைவு, மனச்சோர்வு முதலியவைகளாலும் இந்நோய் போன்ற குறிகள் தோன்றக்கூடும். அவைகளுக்குச் சிகிச்சை உண்டு. கோடாங்கி வீட்டுக்கும் சோதிடன் வீட்டுக்கும் நடக்கின்ற நாட்களில் ஒருநாள் வைத்தியரிடம் போனால் இது தெரிந்துவிடும்.

2023-இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சிக் கணக்குப்படி, இந்தியாவில் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது சுமார் 88 இலட்சம் பேருக்கு இந்நோய் இருக்கின்றது. ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தாரைவிடக் கிராமத்தாருக்கு அதிகம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம். 2024-இல் லான்செட் என்னும் வைத்தியப் பத்திரிகையின் நிபுணர் குழு, இந்நோய்க்கு வழிகோலுகின்ற காரணங்களில் நம்மால் மாற்றக்கூடியவை பதினான்கு என்று வகுத்திருக்கின்றது. இளம் வயதில் கல்வியில்லாமை அவற்றில் ஒன்று. பெண்ணுக்குப் படிப்பெதற்கு என்று சொல்லிப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்களே, அந்தப் புண்ணியவான்கள் செய்த காரியம் அப்பெண்ணின் எழுபதாவது வயதிலுங்கூட அவளை விடவில்லை என்பது இப்போதாவது விளங்குகின்றதா?

தர்மம் யார் தலையில்?

"தாய் தகப்பனை வீட்டில் வைத்துக் காப்பாற்றுவதே நம் தர்மம்" என்பவர்களை ஒன்று கேட்கின்றோம். காப்பாற்றுவதென்றால் யார் காப்பாற்றுவது? தர்மவான் என்கின்ற பேர் மகனுக்கு; வேலை மருமகளுக்கு. மருமகள் இல்லாத வீட்டில் கல்யாணமாகாத மகளுக்கு. அதுவும் இல்லாவிட்டால் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தப்பட்ட பேத்திக்கு. 2019-இல் இந்திய சர்க்கார் எடுத்த நேரக் கணக்கின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிஷம். ஆண்கள் செலவிடுவது 97 நிமிஷம். மறதி நோய்க்காரர் ஒருவர் வீட்டில் இருந்துவிட்டாலோ நிமிஷக் கணக்குக்கே இடமில்லை. இருபத்துநாலு மணி நேரமும் வேலைதான். கைக்குழந்தையென்றால் நாளுக்கு நாள் தேறிவரும். இந்நோயாளியோ நாளுக்கு நாள் தேய்ந்து வருகின்றார். அதுவும் ஒரு வருஷமல்ல, இரண்டு வருஷமல்ல. எட்டு வருஷம், பத்து வருஷங்கூட நடப்பதுண்டு.

நாத்தனார்மார்கள் பொங்கலுக்கு வருவார்கள். "அம்மா இளைத்துவிட்டாளே, சோறு போடுகிறார்களா இல்லையா?" என்பார்கள். ஓர் இராத்திரி தங்கிப் பாருங்கள் என்றால் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். இப்போது நமது தோழர் வீட்டுக் கல்யாணத்துக்கு வரமாட்டோம் என்று வீரம் பேசுகின்ற பங்காளிகளில் ஒருவராவது, இந்த ஐந்து வருஷத்தில் ஒரே ஒரு வாரம் அந்தத் தாயாரைத் தம் வீட்டில் வைத்துப் பார்த்ததுண்டா? மருந்துக்கென்று நூறு ரூபாய் கொடுத்ததுண்டா? இல்லையென்றால் இவர்களுக்கு மானத்தைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை இருக்கின்றது?

அன்றியும், கூலிக்குப் போனால்தான் அடுப்பெரியும் என்கின்ற குடும்பங்களில், கிழவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டு காட்டுவேலைக்குப் போகின்றார்கள். அவள் உள்ளே விழுந்தாளா, நெருப்பைத் தொட்டாளா என்பது சாயங்காலம் கதவைத் திறந்தால்தான் தெரியும். இது கொடுமை என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வேறு என்ன செய்வார்கள்?

வீட்டில் வைத்துப் பார்ப்பது தப்பென்று நாம் சொல்ல வரவில்லை. இடமும், பணமும், பங்கு போட்டுக்கொள்ளும் ஆட்களும் இருந்து, ஆண்களும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு கழுவவும் துடைக்கவும் ஊட்டவும் முன்வருவார்களானால், பழகிய வீட்டைப் போல் அந்த நோயாளிக்குச் சுகமான இடம் வேறில்லை. ஆனால் ஒருத்தியின் முதுகெலும்பை முறித்து அதன் மேல் கட்டுகின்ற தர்மம் தர்மமல்ல; கூலியில்லாத அடிமை வேலையேயாகும்.

எந்தப் பண்பாடு?

"விடுதி என்பது வெள்ளைக்காரன் வழக்கம், நம் பண்பாட்டில் அது இல்லை" என்று ஒரு கூட்டத்தார் கூப்பாடு போடுகின்றார்கள். நம் பண்பாட்டில் என்ன இருந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். தென் மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டல்லவா? படுக்கையில் விழுந்துவிட்ட கிழவர் கிழவிகளுக்கு உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து, குளிரக் குளிரத் தலைமுழுக்காட்டி, இளநீரை மேலுக்குமேல் கொடுத்து, ஜன்னி கண்டு சாகும்படி செய்வதுதானே அது? விருதுநகர் மாவட்டத்தில் இது நடந்து வருவது 2010-இல் பத்திரிகைகளில் வெளிவந்து நாடெங்கும் சிரித்ததே! விடுதிக்கு அனுப்புவது மானக்கேடு என்கின்றவர்கள், இதைப்பற்றி ஊர்க்கூட்டம் போட்டு யாரையாவது தள்ளிவைத்ததுண்டா?

மற்றொன்று. 2001-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலத்தில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அண்டி நடந்து வந்த ஒரு மனநோயாளர் விடுதியின் கீற்றுக் கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளேயிருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தபடியால் ஓடித் தப்ப முடியாமல் 28 பேர் மாண்டார்கள். அவர்களை அங்கே விட்டுவந்த உறவினர்கள் ராக்ஷதர்களல்லர். புண்ணிய ஸ்தலத்தில் இருந்தால் குணமாகும் என்று நம்பினவர்கள்; வீட்டில் வைத்துப் பார்த்துச் சலித்தவர்கள்; கொண்டுபோய் விட வேறு இடம் இல்லாதவர்கள். மூடநம்பிக்கையும் போக்கிடமின்மையும் சேர்ந்த இடத்தில் சங்கிலி முளைத்தது. வாசலில் எந்தச் சாமியின் பேர் எழுதியிருந்தாலும் நாம் இதையேதான் சொல்லுவோம்.

விடுதி வியாபாரம்

அப்படியானால் இன்றைக்கு நகரங்களில் முளைத்து வருகின்ற பராமரிப்பு விடுதிகளெல்லாம் நல்லவை என்பதா? அதுவும் இல்லை. நாம் நம் தாயாரை முதலில் சேர்த்த விடுதியைப் பற்றிச் சொல்லுகின்றோம். சலவைக்கல் பதித்த தரை, வாசலில் பெரிய விநாயகர், மாதம் 18,000 ரூபாய் கட்டணம், முன்பணம் வேறு. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் மட்டுமே பார்க்க அனுமதி. போகும்போதெல்லாம் தாயார் தூங்கிக்கொண்டிருந்தார்கள். "முன்னெல்லாம் இராத்திரி தூங்காமல் கஷ்டப்பட்டார்கள், இப்போது எவ்வளவு நிம்மதியாகத் தூங்குகிறார்கள், பாருங்கள்" என்றார் நடத்துகின்ற அம்மையார். நாமும் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்தோம். மூன்றாவது மாதம் நமது துணைவியார் ஒரு புதன்கிழமை காலையில் சொல்லாமற் கொள்ளாமல் போய்ப் புடவையை விலக்கிப் பார்த்தார். இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப் புண். மணிக்கட்டில் துண்டால் கட்டிய தழும்பு. தூக்கம் மாத்திரையின் தூக்கம். அன்றே அழைத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

இது நம் நாட்டில் மாத்திரம் நடப்பதென்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க சர்க்காரின் மருந்து இலாகா, புத்திக்கோளாறுக்குக் கொடுக்கும் புதிய வகை மருந்துகளை மறதி நோயுள்ள வயோதிகர்களுக்குக் கொடுப்பதால் மரணம் அதிகப்படுகின்றது என்று 2005-இலேயே கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் செய்தது. 2008-இல் பழைய வகை மருந்துகளுக்கும் அதையே செய்தது. இங்கிலாந்தில் 2009-இல் சர்க்காருக்குக் கொடுக்கப்பட்ட ஓர் அறிக்கை, மறதி நோயாளரில் சுமார் 1,80,000 பேருக்கு இவ்வித மருந்துகள் கொடுக்கப்படுகின்றன என்றும், அவர்களில் பலனடைபவர் 36,000 பேருக்கு மேல் இரார் என்றும், இதனால் வருஷத்துக்கு 1,800 பேர் அதிகமாகச் சாகின்றார்கள் என்றும் மதிப்பிட்டது. வேறு வழியேயில்லாத சமயத்தில் வைத்தியர் கவனித்துக் கொஞ்ச காலத்துக்குக் கொடுப்பது வேறு. ஆட்கூலியை மிச்சம் பிடிப்பதற்காக ஒரு மாத்திரையைக் கொடுத்துப் படுக்கப்போட்டு வைப்பது வேறு.

சட்டம் இல்லாமலில்லை. 2017-ஆம் வருஷத்து மனநல பராமரிப்புச் சட்டம், ஞாபகசக்தி கடுமையாகக் கெடுவதையும் தன் வரையறைக்குள் வைத்திருக்கின்றது. இப்படிப்பட்டவர்களைத் தங்கவைக்கும் இடங்கள் பதிவு பெற வேண்டும் என்கின்றது. சங்கிலி போடுவதை எந்த உருவத்திலும் கூடாதென்று தடுத்திருக்கின்றது. கட்டிவைப்பது உடனடியான ஆபத்தைத் தடுக்க வேறு வழியில்லாதபோது மட்டும், மனநல வைத்தியரின் உத்தரவின் பேரில்தான் என்று கட்டுப்படுத்தியிருக்கின்றது. ஆனால் சட்டம் தானாக நடந்து வந்து விடுதிக் கதவைத் தட்டாது. பார்வையிடப் போகின்ற அதிகாரியும், கேட்கத் துணிந்த குடும்பமும் வேண்டும். "பெற்றவளைத் தள்ளினவன்" என்ற வசைக்கு அஞ்சித் தலையைக் குனிந்துகொண்டு போகின்றவன் கேள்வி கேட்பானா? நாம் கேட்கவில்லையே! மானப் பேச்சினால் கொழுக்கின்றவன் விடுதி வியாபாரியே என்பதை வாசகர்கள் நன்கு கவனிக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் மேல், "குறிப்பிட்ட வகுப்பாருக்கு மாத்திரம்" என்று விளம்பரம் செய்கின்ற முதியோர் விடுதிகளும் இருக்கின்றன. தன் பேரையே மறந்துபோன கிழவருக்கு ஜாதி மாத்திரம் மறக்காமலிருக்க ஏற்பாடு செய்து வைத்திருக்கின்றார்கள்! இதைவிடப் பைத்தியக்காரத்தனம் வேறுண்டா?

நிற்க, நாம் இரண்டாவதாகச் சேர்த்த இடம் ஓர் ஓட்டு வீடு. முன்னே ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஓர் அம்மாள் நடத்தியது. மொத்தம் பன்னிரண்டு பேர். எந்நேரமும் போகலாம். முற்றத்தைச் சுற்றி நடக்க இடம். நம் தாயாரிடம் ஒரு முறத்தைக் கொடுத்து அவரைக்காய் நறுக்க உட்காரவைத்தார்கள், பாதி நறுக்குவார்கள், பாதியை மடியில் கட்டிக்கொள்ளுவார்கள், ஒருவரும் கோபிக்கவில்லை. "எங்கப்பன் வீட்டுக்குப் போகணும்" என்றால், "அந்த வீட்டிலே கிணறு இருந்ததா, பாட்டி?" என்று கேட்பார்கள், கிணற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே தாயார் சாந்தமாகிவிடுவார்கள். நம்மைத் தமது அண்ணன் என்று நினைத்துக்கொண்டு, "சாப்பிட்டயா அண்ணே?" என்றார்கள். வாழ்ந்த இரண்டு வருஷமும் அடியில்லை, கட்டில்லை, புண்ணில்லை. நமது துணைவியாரும் பிழைத்தார். வாரத்தில் மூன்று நாள் பலகாரம் எடுத்துக்கொண்டு போய், திருடி என்ற பேரைச் சிரித்துக்கொண்டே கேட்டுவிட்டு வந்தார். ஆனால் அதற்காக நமது வருமானத்தில் பாதியைக் கொடுத்தோம். நமக்கு முடிந்தது. தறிக்காரருக்கும் காட்டுக்கூலிக்கும் எப்படி முடியும்?

மற்ற நாட்டார் செய்தது

ஜெர்மனி தேசத்தில் 1995-இலும், ஜப்பானில் 2000-இலும் நெடுங்கால பராமரிப்புக்கென்றே பொது இன்ஷூரன்ஸ் ஏற்படுத்தினார்கள். ஜப்பானில் நாற்பது வயதானவர் ஒவ்வொருவரும் அதற்குச் சந்தா கட்ட வேண்டும். வயதாகி உதவி தேவைப்பட்டால் செலவில் ஒரு பங்கை மட்டும் தாம் கொடுத்து, மீதியைப் பொது நிதியிலிருந்து பெறலாம். மருமகளின் கடமை என்று காலமெல்லாம் சொல்லிவந்த நாடுதான் அதுவும். அதோடு நில்லாமல், இந்நோய்க்கு அவர்கள் பாஷையில் வழங்கிய பழைய வார்த்தை நோயாளியை இழிவுபடுத்துகின்றதென்று 2004-இல் சர்க்காரே அதை நீக்கி, அறிவுக் குறைநோய் என்னும் கருத்துடைய புது வார்த்தையை வைத்தது. நம் ஊரிலோ "கிறுக்கு", "பைத்தியம்", "புத்தி பேதலித்தது" என்பவையே இன்றும் வழக்கம்.

ஹாலந்து தேசத்தில் வேஸ்ப் என்னும் ஊரில் 2009-இல் ஹோகவெய்க் என்று ஒரு குடியிருப்பைக் கட்டினார்கள். மறதி நோய் முற்றியவர்கள் அங்கே, வீட்டுக்கு ஆறேழு பேராகக் குடியிருக்கின்றார்கள். தெருவும், கடையும், காப்பிக் கடையும், நாடகசாலையும் வளாகத்துக்குள்ளேயே இருக்கின்றன. வழி தவறினால் யாராவது கைபிடித்து அழைத்து வருகின்றார்கள். அறைக்குள் பூட்டிவைப்பதில்லை. செலவைப் பெரும்பாலும் பொது நிதி தாங்குகின்றது. இதனால் வெள்ளைக்காரர்கள் எல்லோரும் யோக்கியர்கள் என்று நாம் சொல்லவில்லை. 2020-இல் கொரோனா பரவிய காலத்தில் ஆஸ்பத்திரி நோயாளிகளைப் பராமரிப்பு விடுதிகளுக்கு அனுப்பிவைத்த இங்கிலாந்து சர்க்காரின் கொள்கை சட்டவிரோதமானது என்று அந்நாட்டு ஹைக்கோர்ட்டே 2022-இல் தீர்ப்புச் சொல்லியிருக்கின்றது. நாம் சொல்லுவதெல்லாம், விடுதி நல்லதாவதும் கெட்டதாவதும் மனிதர்கள் போடும் ஏற்பாட்டைப் பொறுத்ததேயொழிய, தலைவிதியையோ தேசப் பண்பாட்டையோ பொறுத்ததல்ல என்பதுதான்.

செய்ய வேண்டியது

நம் நாட்டில் 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பெற்றோரைக் கைவிட்டவனுக்கு மூன்று மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு என்கின்றது. மகனைத் தண்டிக்க இவ்வளவு தெளிவாகப் பேசுகின்ற அதே சட்டம், மாவட்டத்துக்கு ஒன்றாவது, 150 ஏழை முதியோர் தங்கத்தக்க இல்லம் வைக்கும் விஷயத்தில் மாகாண சர்க்கார் "வைக்கலாம்" என்று மட்டும் சொல்லி நழுவுகின்றது. குடிகளுக்குக் "கட்டாயம்", சர்க்காருக்கு "லாம்". இந்த "லாம்" போய் "வேண்டும்" வர வேண்டும். அந்த இல்லங்களில் மறதி நோயாளருக்குத் தனிப்பகுதியும், பயிற்சி பெற்ற ஆட்களும் வேண்டும். காலையில் விட்டுச் சாயங்காலம் அழைத்து வரத்தக்க பகல் நிலையங்கள் தாலுகாவுக்குத் தாலுகா வேண்டும்; அது ஒன்றிருந்தாலே கூலிக்குப் போகும் குடும்பம் கதவைப் பூட்ட வேண்டியதில்லை. தனியார் விடுதிகளை முன்னறிவிப்பின்றிப் பார்வையிட்டு, கண்டதை ஊரறிய வெளியிட வேண்டும்.

இது வருகின்றவரை குடும்பத்தார் தாங்களே கவனிக்க வேண்டியவை சில உண்டு. விடுதியின் சலவைக்கல்லையும் வாசல் விநாயகரையும் பார்க்காதீர்கள். பதிவுச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். இராத்திரியில் எத்தனை நோயாளிக்கு எத்தனை ஆள் விழித்திருக்கின்றார்கள் என்று கேளுங்கள். என்ன மாத்திரை, எந்த வைத்தியர் எழுதினது, எதற்காக, எத்தனை நாளைக்கு என்று சீட்டைப் பாருங்கள். எந்நேரமும் வர அனுமதி உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். சேர்த்த பிறகு சொல்லாமல் போங்கள். முதுகையும் இடுப்பையும் குதிகாலையும் பாருங்கள். உங்கள் தாயார் எந்த ஊர், எந்தப் பாட்டு, எந்தக் குழம்பு பிடிக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி அங்குள்ளவர்களிடம் கொடுங்கள். அவர் சொல்ல மாட்டார். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நமது தோழருக்குச் சொல்லுகின்றோம்: தாங்கள் செய்தது குற்றமல்ல. ஐந்து வருஷம் பார்த்து, முடியாத இடத்தில் உதவியைத் தேடினது மனிதத் தன்மைக்கு விரோதமுமல்ல. சேர்த்துவிட்டோம், தொலைந்தது என்று இருந்துவிட்டால் அதுவே குற்றம். ஆகையால் இந்த வாரமே, ஞாயிற்றுக்கிழமையல்லாத ஒருநாள், சொல்லாமல் போய்ப் பாருங்கள். போகும்போது தங்கள் துணைவியாருக்கு எத்தனை வருஷத் தூக்கம் பாக்கியிருக்கின்றது என்பதையும் கேட்டுக்கொண்டு போங்கள்.

பங்காளிகள் வராத கல்யாணம் நடக்காமல் நின்றுவிடாது. நமக்கு அழைப்பு அனுப்புங்கள். நாமும் நமது துணைவியாரும் வருகின்றோம். முடியுமானால் தாயாரையும் ஒரு மணி நேரம் அழைத்துவந்து பந்தலில் நடுவில் உட்காரவையுங்கள். மணப்பெண்ணை யாரென்று அவருக்குத் தெரியாமற் போகலாம். வந்தவர்களுக்கெல்லாம் அவர் யாரென்று தெரியட்டும்.